ஆராய்ச்சிக் கட்டுரை அமையும் வகை

பல நூல்களிலுள்ள செய்திகளைத் திரட்டித் தொகுத்துரைப்பது ஒன்று. ஒரு வினாவை எழுப்பிச் சான்றுவழியே அதற்கு விடை காண முயல்வது பிறிதொன்று. பின்னதே ஆராய்ச்சிக் கட்டுரை எனப்படும். மாணாக்கர் பலர் முன்னதை எழுதிப் பின்னதன் பெயரை அதற்கு இட்டுவிடுகின்றனர். 'யாழ்ப்பாண வரலாறு' என்பது பொருட்பரப்பேயன்றி வினாவன்று. அதனை இருபது பக்கத்துள் அடக்கப் புகுவோன், ஈழத்தில் மனிதர் குடியேறிய காலந்தொட்டுத் தொடங்கிப் போர்த்துக்கேயர் வருமுன்னரே தாள் தீர்ந்து நிற்பான். 'நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை முதன்முதல் எடுப்பித்தவர் யார்?' என வினவினாலோ, தேடவேண்டியது இன்னதென்பது அப்பொழுதே புலனாகும்.

இவ்வினாவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்கலாம். கைலாயமாலையின் இறுதியிற் காணப்படும் தனிப்பாடல் ஒன்று, சகாப்தம் 870இல் புவனேகபாகு என்பவன் நகரியைக் கட்டுவித்து நல்லூரில் முருகனுக்குக் கோயிலும் எடுப்பித்தான் எனக் கூறும். சக ஆண்டுடன் 78ஐக் கூட்ட, கி.பி. 948 ஆகின்றது. தொன்மையில் வேட்கை மிக்கோர் இவ்வளவில் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவர். ஆயின், கைலாயமாலை அப்புவனேகபாகுவை யாழ்ப்பாணத்தின் முதல் ஆரியச்சக்கரவர்த்திக்கு அமைச்சனாகக் காட்டுகின்றது. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சி 13ஆம் நூற்றாண்டளவில் தோன்றியது என்பதே வரலாற்றாசிரியர் பெரும்பாலாரின் துணிபு. ஆண்டும் ஆளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆராய்ச்சி இவ்விடத்தேதான் பிறக்கின்றது.

யாழ்ப்பாண வைபவமாலையும் அமைச்சனையே கூறுகின்றதே, இரண்டு நூல்கள் உடன்படுகின்றனவே எனின், அது பொருந்தாது. வைபவமாலை ஒல்லாந்தர் ஆட்சியில், அவர்தம் அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. கைலாயமாலை அதன் முதனூல்களுள் ஒன்று. ஆகவே சான்று இரண்டன்று. ஒரே சான்று இருமுறை ஒலிக்கின்றது. ஒவ்வொரு சான்றும் எக்காலத்தது, யாருக்காக எழுந்தது, எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்னும் மூன்றையும் வினவாது சான்றுகளின் தொகையை மட்டும் எண்ணுதல் பயனற்ற செயலாகும்.

இனி, கோயிலிற் கூறப்படும் கட்டியம் சிரீசங்கபோதி புவனேகபாகுவை நினைவுகூர்கின்றது. சிரீசங்கபோதி என்பது சிங்கள மன்னர் புனைந்த பட்டம். 1450 அளவில் யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப்பெருமாள் என்னும் சப்புமல் குமாரன், பின்னர்க் கோட்டையில் ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடினான். கோயிலை எடுப்பித்தவன் அவனே எனக் கொள்வோர் உளர். இக்கொள்கைக்கும் ஒரு தடையுண்டு. அப்பெயரை அவன் ஏற்றது யாழ்ப்பாணத்தை விட்டகன்ற பின்னரேயாம். இத்தடையைக் கட்டுரையாளன் மறைத்தலாகாது. அடிக்குறிப்பில் ஒதுக்குதலும் ஆகாது. தன் முடிபுக்கு மாறானதைக் கட்டுரையின் நடுவிலேயே வைத்து ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராயுங்கால், 'எடுப்பித்தான்' என எழுத எண்ணியவன் 'புதுக்கினான் எனக் கொள்ள இடமுண்டு' என்ற அளவில் அமைய நேரலாம். அது தோல்வியன்று. தனிப்பாடலின் ஆண்டைத் தன் கொள்கைக்கு இயையத் திருத்திக்கொள்ளுதல் எளிது. திருத்துவோன் அதற்கு ஏட்டுச் சான்று காட்டக் கடமைப்பட்டவன். தமிழன் கட்டினானா, சிங்களவன் கட்டினானா என்னும் ஆர்வம் வினாவினுள் நுழைந்துவிட்டால், சான்றுகளைப் படிக்குமுன்னரே விடை எழுதப்பட்டுவிடும்.

முன்னோர் ஆய்வுகளை, முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலையும், சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தையும் (1928) போல்வனவற்றை, மூலங்களைப் பயின்றபின் படித்தல் நன்று. முன்னரே படிப்பின் அவர்தம் கண்ணாற் காணும் பழக்கம் வந்துவிடும்.

குறிப்பெடுக்குங்கால் ஒரு தாளில் ஒரு செய்தியே இடம்பெறுக. நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அப்பொழுதே குறித்துக்கொள்க. மூலத்தின் சொல் இது, தன் கருத்து இது எனப் பிரித்தும் எழுதுக. மீண்டும் சென்று பார்க்கலாம் என்னும் நம்பிக்கை எக்காலத்தும் செல்லாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுட் சிலவற்றுக்கு முன்னர்ப் பயின்றோர் எழுதிவைத்த குறிப்புகளையன்றி வேறு சான்றில்லை.

முன்னுரையை இறுதியில் எழுதுதல் தகும். முடிபு தெரிந்த பின்னரே வினாவின் எல்லை தெளிவாகும். நல்லூர்க் கட்டுரையின் முன்னுரை சொல்லவேண்டுவது சிறிதே. இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வேறோரிடத்தில் எழுந்தது. கட்டுரையின் வினாவோ, போர்த்துக்கேயர் 1621இல் இடித்தொழித்த பழைய கோயிலைப் பற்றியது.