அறுவைச் சிகிச்சைக்கு முன் கண்ணுக்குள் ஊசி எதற்கு?

“கண் அழுத்தத்திற்கு அறுவைச் சிகிச்சை என்றுதானே சொன்னீர்கள், ஊசி எதற்கு?” என்று குடும்பத்தினர் பலர் கேட்பதுண்டு.

நீண்டகால நீரிழிவாலோ இரத்தக்குழாய் அடைப்பாலோ விழித்திரைக்குப் போதிய இரத்தம் கிடைக்காதபோது, அது ‘விஇஜிஎஃப்’ என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால், கண்பாவையைச் சூழ்ந்துள்ள ஐரிஸ் மீதும் கண்ணின் உள்நீர் வடியும் பாதையிலும் புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. பாதை அடைபடுவதால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு சிதைகிறது.

இக்குழாய்கள் எளிதில் உடையக்கூடியவை. அந்நிலையிலேயே அறுவை செய்தால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, நாங்கள் அமைக்கும் புதிய வடிகாலை அடைத்துவிடக்கூடும். ஆகவே, சில நாள்களுக்கு முன்னர் பெவாசிசுமாப் போன்றதொரு மருந்தை ஊசிமூலம் செலுத்துகிறோம். வழக்கமான அளவு 1.25 மி.கி.; அதாவது 0.05 மி.லி., ஒரு துளியளவே. கண்ணை மரத்துப்போகச் செய்த பின்னரே ஊசி போடப்படும். சில நாள்களில் புதிய குழாய்கள் சுருங்குகின்றன.

கவனிக்க வேண்டியது இதுவே: ஊசிக்குப் பின் சிவப்பும் வலியும் குறையலாம். அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தின் பயன் சில வாரங்களே நிலைக்கும். குழாய்கள் மீண்டும் வளரும். அழுத்தத்தால் இழந்த பார்வை திரும்புவதில்லை. விழித்திரைக்கான லேசர் சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படும்.

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டிருந்தால் முன்னரே தெரிவியுங்கள். ஊசிக்குப் பின் வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.