மூச்சுப் பயிற்சி இருக்க மாத்திரை எதுக்கு?

நான் செய்த தவறை வேறொரு தாய் செய்யக் கூடாது என்று தான் இதை எழுதுகிறேன்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார மாட்டான். தினம் ஒரு பொருளைத் தொலைப்பான். பாதிக் கணக்கில் எழுந்து ஓடி விடுவான். 'செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே' என்பார் மாமியார். அடித்தும் பார்த்தேன், தாயத்தும் கட்டிப் பார்த்தேன்.

போன வருடம் சேலத்தில் மனநல டாக்டரிடம் காட்டினோம். 'இது திமிர் இல்லைம்மா. ஏ.டி.எச்.டி., என்று பேர். மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசத்தால், கவனம் நிற்காது. கை, காலும் சும்மா இருக்காது' என்று சொல்லி, மாத்திரை கொடுத்தார். பையன் கொஞ்சம் நிதானப்பட்டான்.

இந்த வருடம் பள்ளியில், தினமும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் பயிற்சி ஆரம்பித்தனர். டில்லி அரசுப் பள்ளிகளில், 2018ல் இது போன்ற பயிற்சியோடு 'மகிழ்ச்சிப் பாடம்' கொண்டு வந்ததைப் படித்திருந்தேன். 'இனி மாத்திரை எதுக்கு?' என்று, டாக்டரைக் கேட்காமல் நானே நிறுத்தி விட்டேன்.

இரண்டே மாதம். கண்ணை மூடாமல் நெளிகிறான், பக்கத்துப் பையனைச் சீண்டுகிறான் என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தனர். மற்ற பிள்ளைகள் சிரிக்க, 'பள்ளிக்கூடமே வேண்டாம்மா' என்று அழுதான். ஒருநாள் சைக்கிளில் ரோட்டின் குறுக்கே பாய்ந்து, லாரியில் அடிபடாமல் தப்பியது தெய்வச் செயல்!

மறுபடி டாக்டரிடம் ஓடினேன். 'மூச்சுப் பயிற்சி துணை தானம்மா. மாத்திரைக்கு மாற்று இல்லை. பிரிட்டனில், 85 பள்ளிகளில் 8,000க்கும் அதிகமான பிள்ளைகளிடம் சோதித்து, 2022ல் முடிவு சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுத்ததில், வழக்கமான பாடத்தை விடத் தனிப் பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே வகுத்த பயிற்சியில், பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. முதலில் நீங்க அவனோட உட்காருங்க' என்றார்.

இப்போது மாத்திரையோடு, மாலையில் நானும் அவனும் இரண்டே நிமிடம் உட்காருகிறோம். கண்ணை மூடச் சொல்வதில்லை. வயிற்றில் கை வைத்து மூச்சை எண்ணுவோம். எண்ணிக்கை தவறினால், 'பரவாயில்ல கண்ணு, மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணு' என்பேன். முன்பு இதே இடத்தில் தான் அடி விழும்!

எங்கள் ஊர் கை முறுக்குக்குப் பேர் போனது. மனசு எங்கேயோ இருந்தால், திரிக்கும் மாவு பிய்ந்து விடும். விடுமுறை நாளில் என்னோடு உட்கார்ந்து முறுக்கு சுற்றுகிறான். முதலில் ஒரு சுற்று; இப்போது மூன்று. 'இதுவும் பயிற்சி தான்' என்கிறார் டாக்டர்.

டாக்டரின் சீட்டோடு போய் வகுப்பாசிரியையிடம் பேசினேன். கண்ணைத் திறந்தபடியே செய்யட்டும் என்று சொல்லி விட்டார். வெளியே நிறுத்துவதும் நின்றது.

சகோதரிகளே, பள்ளியில் தியானம் சொல்லிக் கொடுத்தால் நல்லது தான். ஆனால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பேசலாம், கட்டணம் கிடையாது. உட்கார முடியாத பிள்ளையை உட்காரச் சொல்லி அதட்டும் முன், அவன் பக்கத்தில் நாம் கொஞ்ச நேரம் உட்காரலாமே!

- ஒரு வாசகி, ஆட்டையாம்பட்டி.