பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் ஆராய்ச்சி

அஸ்ஸாம் மாநிலத்தில் கௌஹாத்தி நகரை அடுத்த பாமோஹி என்னும் ஊரில் 2016-ஆம் ஆண்டு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. அக்ஷர் என்பது அதன் பெயர். மாஜின் முக்தார், பர்மிதா சர்மா ஆகிய இருவர் அதனை நிறுவினர். குளிர்காலம் வந்ததும் அங்கு ஓர் இடையூறு தோன்றிற்று. சுற்றுப்புறத்து ஏழை மக்கள் குளிர் காய்வதற்காகப் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்தி வந்தனர். அப்புகை வகுப்பறைகளுக்குள் புகுந்து நிறைந்தது. கொளுத்த வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் பயன் விளையவில்லை. ஆகவே பள்ளியை நடத்தியவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். மாணவர்கள் கட்டணமாகப் பணம் செலுத்த வேண்டியதில்லை. வீட்டில் சேரும் பிளாஸ்டிக் கழிவை வாரந்தோறும் கொணர்ந்து கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு செய்தனர்.

குப்பையே கட்டணம் என்னும் செய்தி நாடெங்கும் பரவியது இயல்பே. ஆயினும் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது வேறொன்று. பாடத்துக்குரிய பொருள் மாணவர் கைக்கே வந்து சேர்ந்தது என்பதே அது. பெரும்பாலான பள்ளிகளில் பிளாஸ்டிக் பற்றிய பாடம் ஓர் ஊர்வலத்தோடும் ஓவியப் போட்டியோடும் முடிந்துவிடுகிறது. ஊர்வலத்தில் ஏந்திச் செல்லும் அட்டை பிளாஸ்டிக் உறையிடப்பட்டதாக இருப்பதும் உண்டு! எதை ஒழிக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம், மாற்றாக வருவது உண்மையில் மாற்றுத்தானா என்னும் வினாக்களுக்குக் கோஷங்களிடம் விடை இல்லை; சோதனைகளிடம் உண்டு.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளின் பெயரன்று. வெவ்வேறு இரசாயன இயல்புடைய பொருள்களின் குடும்பப் பெயர். இதை மாணவர் அறிய ஒரு வாளித் தண்ணீர் போதும். குடிநீர்ப் புட்டி ஒன்றையும் அதன் மூடியையும் சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் இட்டு, காற்றுக் குமிழிகள் ஒட்டாதிருக்கச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கினால், மூடியின் துண்டுகள் மிதக்கும். புட்டியின் துண்டுகள் மூழ்கும். மூடி பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீனால் ஆனது. இவற்றின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. புட்டியோ பெட் எனப்படும் பாலியெஸ்டர் வகை. அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.38. அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்தால், தனித் தண்ணீரில் மூழ்கிய பாலிஸ்டைரீன் துண்டு மேலே வரும், பெட்டும் பி.வி.சி.யும் அப்போதும் அடியிலேயே கிடக்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபொருள் செய்யும் ஆலைகளிலும் பெரிய தொட்டிகளில் இம்முறையே கையாளப்படுகிறது.

இச்சோதனை மாணவரை ஏமாற்றவும் கூடும்; அதுவும் நன்மையே. தெர்மோகோல் பாலிஸ்டைரீனால் ஆனதாயினும் தனித் தண்ணீரிலேயே மிதக்கும். ஏனெனில் அதன் பருமனில் பெரும்பகுதி காற்று. இந்த முரண்பாட்டின் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கும் சிறுவன் அடர்த்தி என்றால் என்னவென்பதை மறக்கமாட்டான்.

பிளாஸ்டிக்கை எரித்து இனம் காண்பதும் ஒரு முறையே. ஆனால் அதைப் பள்ளியில் செய்தலாகாது. பி.வி.சி.யில் குளோரின் உண்டு. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். குப்பைமேட்டுத் தீயைப்போல் உஷ்ணம் போதாத தீயில் டையாக்சின் எனப்படும் கொடிய நச்சுப் பொருள்களும் உண்டாகக்கூடும். பாமோஹியின் வகுப்பறைகளில் நிறைந்த புகை வெறும் கண்ணெரிச்சலுக்குரியதன்று.

இனி மாற்றுப் பொருள்களைப் பற்றிப் பார்ப்போம். பிளாஸ்டிக்கே ஒரு மாற்றாகப் பிறந்ததுதான். யானைத் தந்தத்துக்குப் பதிலாகச் செல்லுலாய்டு வந்தது. இந்தியக் காடுகளிலிருந்து சென்ற அரக்குக்குப் பதிலாக ஒரு செயற்கைப் பொருளைத் தேடிய பேக்லண்டு 1907-இல் பேக்கலைட்டைக் கண்டார். ஒரு குறையைப் போக்க வந்த பொருள் மற்றொரு குறையைக் கொணர்ந்த வரலாறு இது. ஆதலின் இன்று மாற்று என்று விற்கப்படும் எதனையும் பள்ளிக் குழந்தைகள் சோதித்தே ஏற்க வேண்டும்.

இதற்கேற்ற சோதனைக்களம் பள்ளித் தோட்டமே. வாழையிலை, செய்தித்தாள், சணல் துணி, பருத்தித் துணி, பாக்குமட்டைத் தட்டு, பாலிதீன் பை, ‘மட்கக்கூடியது’ என்று அச்சிட்ட பை ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டை ஒரே ஆழத்தில் புதைத்து, அடையாளக் குச்சி நட்டு, மாதம் ஒருமுறை தோண்டிப் பார்த்துக் குறித்து வரலாம். ஈர மண்ணில் வாழையிலை விரைவில் மறைந்துவிடும். அச்சிட்ட பை என்ன ஆயிற்று என்பதே சுவையான பகுதி. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய பைகளை மண்ணிலும் கடல்நீரிலும் திறந்த வெளியிலும் மூன்று ஆண்டுகள் வைத்துப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். மட்கும் என்று விற்கப்பட்ட ஒரு பை, மூன்றாண்டுகள் மண்ணில் கிடந்த பின்னும் கடைச் சாமான்களைச் சுமந்தது! மக்காச்சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக்கும் தோட்டத்து மண்ணில் எளிதில் மட்குவதில்லை. உரத் தொழிற்சாலையில் ஏறத்தாழ 60 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். வாளிச் சோதனையில் இது பெட்டைப் போலவே மூழ்கும். இரண்டும் கலந்துவிட்டால் மறு உருக்கு வேலை கெடும்.

துணிப்பையும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. பருத்தி விளைவிக்க நீரும் உரமும், நூற்று நெய்ய மின்சாரமும் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருமுறை உபயோகித்து எறியும் மெல்லிய பாலிதீன் பையைவிடப் புவி வெப்பத்தில் பருத்திப் பையின் பங்கு குறைய வேண்டுமானால், அதனை 131 முறையேனும் உபயோகிக்க வேண்டும். ஆனால் இக்கணக்கு வெப்பத்தைப் பற்றியது மட்டுமே. சாக்கடையை அடைத்த பையும் பசுவின் வயிற்றில் திரண்ட பையும் அதில் சேரவில்லை. பழைய வேட்டியையோ சேலையையோ தைத்த பைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அதற்கெனப் புதிதாகப் பருத்தி விளைக்கப்படவில்லையே! விழாவுக்கு விழா புதுத் துணிப்பை வழங்கும் பள்ளிகள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சு குழல், அலங்காரத் தெர்மோகோல் முதலியவற்றைத் தடை செய்துள்ளது. அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் கைப்பைகள் 120 மைக்ரான் தடிப்புக்குக் குறையலாகாது. ஆயினும் மாணவர் கொணரும் மூட்டையைப் பிரித்தால் இத்தடைக்கு உட்படாத ஒரு குவியல் எஞ்சும். வறுவல் பொட்டலமும் ஒரு ரூபாய்ச் சீயக்காய்த்தூள் உறையும் அதிலே கிடக்கும். வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களும் அலுமினியப் பூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவை அவை, பிரித்தெடுப்பது அரிது, பழைய சாமான் வியாபாரி விலை கொடுப்பதில்லை. அக்ஷர் மாணவர்கள் இவற்றைப் புட்டிகளில் அடைத்துச் செங்கல்போல் கட்டட வேலைக்குப் பயன்படுத்தினர். அது தற்காலிக ஒதுக்கிடமே. அப்புட்டிக்குள் பிளாஸ்டிக் அப்படியேதான் இருக்கிறது.

இக்கழிவைத் திரும்பப் பெறும் கடமை உற்பத்தியாளருக்கு உரியதென 2022-ஆம் ஆண்டின் விதிகள் விரிவாக வகுத்துள்ளன. எந்த வகைப் பொட்டலம், வாரத்துக்கு எத்தனை, எவ்வளவு எடை என்று ஒரு வகுப்பு மாணவர்கள் ஓராண்டு குறித்து வைத்தால், அவ்வூர்ப் பஞ்சாயத்தின் கையில் அதுவரை இல்லாத ஒரு கணக்கு கிடைக்கும்.