தப்பு செய்தால் மணியடிக்கும் மூளை!

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்தாவது புள்ளியில் வளைக்க வேண்டிய இழையை நாலாவது புள்ளியிலேயே வளைத்துவிட்டீர்கள். 'அடடா!' என்று வாய் சொல்வதற்குள் கை தானாக நின்றுவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தில் யாருமில்லை. தப்பு என்று யாரும் சொல்லவும் இல்லை. பிறகு கையைப் பிடித்து நிறுத்தியது யார்?

சாட்சாத் உங்கள் மூளையேதான்! தன் தவறைத் தானே கண்டுபிடித்து மணியடிக்கும் ஏற்பாடு ஒன்று அதற்குள் இருக்கிறது.

கண் சிமிட்டும் நேரத்துக்குள்...

இதை முதலில் பதிவு செய்தவர்கள் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் இருந்த மைக்கேல் ஃபால்கன்ஸ்டைன் குழுவினர். ஆண்டு 1991. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கேரிங் குழுவினரும் தனியாக இதையே கண்டு, 1993-ல் வெளியிட்டார்கள்.

சோதனை ரொம்ப சுலபம். திரையில் ஐந்து ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தெரியும். நடுவில் இருப்பது 'எஸ்' என்றால் ஒரு கை, 'எச்' என்றால் மறு கை. வேகமாகச் செய்ய வேண்டும். பக்கத்து எழுத்துகள் குழப்புமா, குழப்பாதா? கை தடுமாறத்தான் செய்யும். அந்த நேரத்தில் தலையில் பொருத்திய ஈ.ஈ.ஜி. கருவியில், தப்பு நடந்த 100 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள், ஒரு மின் அலை சட்டென்று எழுந்தது. சரியாகச் செய்தபோது இந்த அளவுக்கு எழவில்லை. 'வேகம் போனாலும் பரவாயில்லை, தப்பு வரக்கூடாது' என்று சொல்லிவிட்டுச் செய்ய வைத்தால், அந்த அலை இன்னும் பெரிதாக எழுந்தது!

நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பாதிகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் உட்புறத்தில், 'ஆன்ட்டீரியர் சிங்குலேட்' என்றொரு பகுதி உண்டு. அலை கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான் என்கிறார்கள். நாம் செய்ய நினைத்தது ஒன்று, கைக்குப் போன உத்தரவு வேறொன்று. இரண்டும் மோதும்போது மணி அடிக்கிறது என்பது ஒரு முக்கியமான விளக்கம்.

சுமார் 200 மில்லி விநாடிக்குப் பிறகு இரண்டாவது அலை ஒன்று வருகிறது. 'ஐயையோ, தப்பு பண்ணிட்டோமே' என்று நாம் உணர்வதோடு தொடர்புடையது இதுதான்.

அடுத்த அடி நிதானம்

மணி அடித்தால் மட்டும் போதுமா? தப்பு செய்தவுடன் அடுத்த வேலையை மனிதர்கள் சற்று மெதுவாகச் செய்கிறார்கள் என்று இங்கிலாந்தின் பேட்ரிக் ராபிட் 1966-லேயே காட்டினார். கணக்கில் ஒரு கூட்டல் தப்பானால் அடுத்த வரியை விரல் வைத்துப் பார்க்கிறோமே, அதுதான்!

ஆனால் மது குடித்தவர்களுக்கு இந்த முதல் அலை மங்கிவிடுகிறது என்று நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2002-ல் கண்டார்கள். 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியை எடுக்கிறாரே, அவர் பொய் சொல்லவில்லை. தப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மணியே அவருக்குள் சரியாக அடிக்கவில்லை. தூக்கம் கெட்டாலும் தவறைக் கண்டு திருத்தும் திறன் குறையும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுக்க விழித்துப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குட்டாதீர்கள்!

'ஏழும் எட்டும் பதினாலா? அறிவிருக்கா?' என்று தலையில் குட்டும் பெற்றோர்களே, கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்காவின் ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துவைத்து, அதே குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி சோதித்தார்கள். கண்டிப்பும் தண்டனையும் அதிகமாக இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தப்பு அலை பெரிதாக எழுந்தது. முடிவு 2015-ல் வெளியானது. பெரிய அலை நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். பதற்ற நோய் உள்ள குழந்தைகளிடமும் இப்படித்தான் காணப்படுகிறது. பிள்ளைக்குத் தப்பு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 'எங்கே பிசகிச்சு, நீயே பாரு கண்ணு' என்றால் போதும்.

மணி ஓயாமல் அடித்தால்?

கேஸை மூடியாயிற்று. ஆனாலும் பத்துத் தடவை போய்ப் பார்க்கிறார். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறார். கை தோலுரியக் கழுவுகிறார். இது ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். இந்த நோயாளிகளுக்குத் தப்பு அலை மற்றவர்களைவிடப் பெரிதாக எழுவதை கேரிங் குழுவினர் 2000-ல் கண்டார்கள். 'மூடியாச்சு' என்று கண் பார்த்தாலும், 'ஏதோ தப்பு' என்ற உணர்வு அடங்குவதில்லை. இது பைத்தியமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் இதற்குச் சூரணம் கேட்டு வருகிறவர்களிடம், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் பயிற்சியும் மாத்திரைகளும் நல்ல பலன் தருகின்றன. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மூடிட்டேனா, மூடிட்டேனா' என்று கேட்கும்போதெல்லாம் 'மூடிட்டீங்க' என்று ஆறுதல் சொல்வது அன்புதான். ஆனால் அதுவே நோய்க்குத் தீனியாகிவிடும். கேலியும் வேண்டாம், கோபமும் வேண்டாம். எவ்வளவு ஆறுதல் சொல்லலாம், எப்படிக் குறைக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' இருக்கிறது. எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.