பிரெய்ரி நாய் வேட்டைக்குக் குடும்பத்தோடு போகலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தெற்கு டகோட்டா, வயோமிங், கொலராடோவின் கிழக்குப் பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாக விரிந்த மாட்டுப் பண்ணைகள் இங்கே ஏராளம். புல்லைத் தின்று, நிலமெங்கும் வளை தோண்டும் பிரெய்ரி நாய்கள்தான் பண்ணைக்காரர்களுக்குத் தீராத தொல்லை. அணில் இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறு பிராணிகளைக் கோடையில் சுடப் போவது அங்குள்ள குடும்பங்களுக்குப் பழைய வழக்கம். மான், எல்க் வேட்டைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும். அதனால், அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார் மூலம் அழைப்பு வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் செலவைத்தான் முதலில் கேட்கிறார்கள். சட்டத்தை முதலில் கேட்க வேண்டும் என்பதால் வரிசையைச் சற்று மாற்றியிருக்கிறோம்.

வார்மின்ட் வேட்டை என்றால் எந்தெந்த விலங்குகள்?

பயிருக்கும் மேய்ச்சலுக்கும் கால்நடைக்கும் சேதம் செய்பவை என்று மாநிலங்கள் வகைப்படுத்தியவை. பிரெய்ரி நாய், தரை அணில், கொயோட்டி என்ற ஓநாய் போன்ற பிராணி ஆகியவை முக்கியமானவை. இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்காது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே எல்லாவற்றையும் சுட்டுவிட முடியாது. பிரெய்ரி நாய்களில் ஐந்து இனங்கள் உண்டு. அவற்றில் யூட்டா பிரெய்ரி நாய் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைச் சுட்டால் வழக்குதான்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்க்கலாமா?

வேட்டை உரிமம் கையில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

1968-ஆம் ஆண்டின் மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தில் 1998-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர்களின் எஃப்-1 எல்லாம் இதற்குள் வரும். சொந்தமாக வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சில நிமிடங்கள் கையில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருத்தல்' என்றே கொள்ளப்படும். தெரிந்தே கொடுத்த நண்பரும் மாட்டுவார். தண்டனை 15 ஆண்டுச் சிறை வரை போகலாம். துப்பாக்கிக் குற்றத்துக்காக நாடு கடத்தவும் குடியேற்றச் சட்டத்தில் இடமிருக்கிறது. பச்சை அட்டைக்காகப் பல வருடங்களாக வரிசையில் நிற்கும் ஒரு குடும்பம் ஒரு மதிய நேர விளையாட்டுக்காக இந்த ஆபத்தை ஏற்கலாகாது.

அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. ஏமாறும் இடமும் இங்கேதான் இருக்கிறது. வயோமிங்கில் பிரெய்ரி நாயைச் சுட மாநிலம் உரிமம் கேட்பதில்லை. "இங்கே லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்" என்று உள்ளூர் நண்பர் சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மை. விசாவில் இருப்பவருக்கு அது பொருந்தாது. மாநிலம் கேட்காவிட்டாலும் சிறு விலங்கு வேட்டை உரிமம் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரும் சுடுவதாக இருந்தால் இருவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பழைய வழக்கு, விசா மாற்றம் போன்ற ஏதாவது குழப்பம் இருந்தால் புறப்படும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உரிமம் வாங்கப் பாடம் படிக்க வேண்டுமா?

பல மாநிலங்களில் ஆம். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ, வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். இணையத்திலேயே படிக்கலாம். ஒரு மாநிலத்தின் சான்றை மற்ற மாநிலங்களும் ஏற்கின்றன. கட்டாயம் இல்லாத இடத்திலும் குடும்பமாக உட்கார்ந்து இதைப் படித்துவிடுவது நல்லது. வேட்டை 1972-இலேயே தடை செய்யப்பட்ட நாட்டிலிருந்து வந்த நமக்குத் துப்பாக்கியைக் கையாளும் பழக்கம் வீட்டில் யாரையும் பார்த்து வந்திருக்காது.

செலவை எங்கே குறைக்கலாம்?

பெரிய செலவு மூன்று இடங்களில்: நிலம், தூரம், தோட்டா.

வழிகாட்டி நிறுவனங்கள் ஆளுக்கு, நாளுக்கு இத்தனை நூறு டாலர் என்று வாங்கும். அதற்குப் பதில் பண்ணைக்காரரிடம் நேரில் அனுமதி கேட்கலாம். சிலர் சிறு கட்டணம் வாங்குவார்கள், சிலர் ஒன்றும் வாங்குவதில்லை. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே பேசுங்கள். எத்தனை பேர், எந்தத் தேதி, எந்தத் துப்பாக்கி என்று தெளிவாகச் சொல்லுங்கள். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியபடியும் விட்டுவருபவருக்கு அடுத்த வருடமும் அழைப்பு உண்டு. தேசியப் புல்வெளிகள், மத்திய நில மேலாண்மைத் துறையின் நிலங்கள் ஆகிய பொது நிலங்களில் நுழைய நில வாடகை இல்லை. பல இடங்களில் இலவசமாகக் கூடாரம் போட்டு 14 நாள் வரை தங்கலாம். பழங்குடி நிலங்களுக்கு அந்தந்தப் பழங்குடி அரசின் அனுமதிச் சீட்டு தனியாக வாங்க வேண்டும்.

தோட்டாவில்தான் பணம் கரையும். ஒரு பிற்பகலில் நூற்றுக்கணக்கில் சுடுவது சாதாரணம். .22 ரிம்ஃபயர் தோட்டா சில சென்ட்தான். .223 தோட்டா அதைப்போலப் பல மடங்கு விலை. நூறு கெஜத்துக்குள் பொறுமையாக உட்கார்ந்து சுட .22 போதும். தொலைதூரத்தில் இருப்பதைச் சுடும் ஆசையை முதல் பயணத்தில் ஒதுக்கிவையுங்கள். துப்பாக்கியும் ஆளுக்கொன்று வேண்டாம். ஒருவர் சுட, ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, முறை மாற்றிக்கொண்டால் ஒன்றே போதும். பாதுகாப்புக்கும் அதுதான் சிறந்த ஏற்பாடு.

காது மூடியிலும் கண்ணாடியிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். துப்பாக்கி வெடிக்கும் ஓசை ஒரே முறையில் காதை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது. பிள்ளைகள் சுடாமல் பக்கத்தில் நின்றாலும் காது மூடி வேண்டும்.

எப்போது போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து போகலாம். கொலராடோவின் பொது நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை பிரெய்ரி நாய் வேட்டைக்குத் தடை. அது குட்டிகள் பிறந்து, பால் குடித்து, வளையை விட்டு வெளியே வரும் காலம். தனியார் நிலத்தில் சட்டம் அனுமதித்தாலும் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நியாயம். தாயைச் சுட்டால் வளைக்குள் இருக்கும் குட்டிகள் பட்டினியில் சாகும்.

சில இடங்களில் மட்டும் ஏன் முழுத் தடை?

கருங்கால் ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணிக்காக. அதன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் பிரெய்ரி நாய். தங்குவதும் அவற்றின் வளைகளில்தான். பண்ணைகள் விஷம் வைத்துப் பிரெய்ரி நாய்களை அழித்ததில் ஃபெரெட் இனமும் போயிற்று, முற்றிலும் அழிந்துவிட்டது என்று அறிவியலாளர்கள் நம்பினார்கள். 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்ஸி ஊருக்கு அருகே ஒரு பண்ணை நாய் இறந்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. தேடிப் போனபோது சிறு கூட்டம் ஒன்று உயிரோடிருப்பது தெரிந்தது. நோய் தாக்கியதால் 1987-க்குள் எஞ்சியிருந்த 18 ஃபெரெட்களையும் பிடித்து, கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1991 முதல் மீண்டும் காட்டில் விட்டுவருகிறார்கள். தெற்கு டகோட்டாவின் பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் உள்ள கோனாட்டா பள்ளத்தாக்கு அவற்றின் முக்கிய வாழிடம். அங்கே பிரெய்ரி நாயைச் சுடக் கூடாது. அருகிலுள்ள பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவிலும் வேட்டை இல்லை. வரைபடத்தில் எல்லையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். எந்த வயதில் சுடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சொன்ன பேச்சைக் கேட்டு அசையாமல் நிற்கத் தெரியாத பிள்ளை கையில் துப்பாக்கி கொடுக்காதீர்கள். .22 தோட்டா ஒன்றரை மைல் வரை பறக்கும். கல்லில் பட்டுத் திசை திரும்பவும் செய்யும். பின்னால் மண்மேடு இல்லாத குறியைப் பெரியவர்கள்கூடச் சுடக் கூடாது. எல்லாரும் ஒரே வரிசையில், துப்பாக்கிக்குப் பின்னால் இருக்க வேண்டும். வளைகளில் கிலுகிலுப்பை விரியன் இருக்கலாம். கணுக்கால் மூடும் பூட்ஸ் போடுங்கள், தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள்.

சுட்ட பிராணியைக் கையில் எடுக்கலாமா?

கூடாது. அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் பிளேக் கிருமியைப் பரப்பும். வளர்ப்பு நாயையும் அருகில் விடாதீர்கள். போய்வந்த சில நாளில் காய்ச்சல், நெறி கட்டுதல் இருந்தால் மருத்துவரிடம் எங்கே போனோம் என்பதைச் சொல்லுங்கள். உடனே தொடங்கினால் ஆன்டிபயாடிக் கேட்கும்.

இன்னொன்று: ஈயத் தோட்டா சிதறிய உடலைத் தின்னும் கழுகுகள் ஈய நஞ்சேறிச் சாகின்றன. செம்புத் தோட்டா விலை கூடுதல்தான். கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடை செய்துவிட்டது. மற்ற இடங்களிலும் செம்பையே வாங்குங்கள். அதனால் தோட்டாவின் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

வீட்டில் ஒருவருக்குச் சுட மனமில்லை. அவர் என்ன செய்வார்?

கட்டாயப்படுத்தாதீர்கள். பேட்லேண்ட்ஸ் பூங்காவிலும் விண்ட் கேவ் பூங்காவிலும் பிரெய்ரி நாய்களின் குடியிருப்புகளை நாள் முழுக்க நின்று பார்க்கலாம். காவலுக்கு ஒன்று நிமிர்ந்து நிற்பதையும், ஆபத்தைக் கண்டால் குரல் கொடுப்பதையும் பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பார்கள். பயணத் திட்டத்தில் இதற்கென ஒரு நாளை ஒதுக்கலாம்.

விதிகளும் கட்டணங்களும் வருடந்தோறும் மாறுகின்றன. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டுமுன், போகும் மாநிலத்தின் வனவிலங்குத் துறைக்குத் தொலைபேசியில் பேசி இந்த வருட விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.