வடகத்தில் ஒரு கிள்ளு: தலைப்பும் விண்ணப்பமும் எப்படி இயங்குகின்றன?

பிரம்மதேசம், மரக்காணம் பக்கம் மதியச் சமையல் நேரத்தில் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் குழம்பு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தாளிப்பு வடகம் எண்ணெயில் விழுந்த உடனே நாலு வீடு தள்ளி மணக்கும். புளி இன்னும் கரைத்துக்கூட ஊற்றியிருக்க மாட்டார்கள். அதற்குள் பசி கிளம்பிவிடும். பத்திரிகைத் தலைப்பும், வேலை கேட்டு எழுதும் கடிதத்தின் முதல் இரண்டு வரியும் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

வடகம் பிடிப்பது சித்திரை, வைகாசி வெயிலில். மரக்காணத்து உப்புப் பாத்திகள் விளைந்து தள்ளுவதும் அதே வெயிலில்தான். சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி உருட்டுவார்கள். பகலில் மாடியில் காயும். சாயங்காலம் உருண்டையை உதிர்த்து, திரும்பப் பிசைந்து, திரும்ப உருட்டி, மறுநாளும் வெயிலில் வைப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் இதே பாடு. வெங்காயத்தின் தண்ணீர் முழுக்க இறங்கிய பிறகு அத்தனை சாமானின் மணமும் ஓர் உருண்டைக்குள் சுண்டி நிற்கும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

தலைப்பில் ஈரம் என்பது என்ன? எந்தச் செய்திக்கும் ஒட்டக்கூடிய சொற்கள். ‘பாதிப்பு’, ‘அவதி’, ‘வேதனை’, ‘கோரிக்கை’ என்று முடியும் தலைப்புகளை நாம் தினமும் பார்க்கிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, இந்தக் கரையோரம் முழுக்க வெள்ளக்காடானதே, அந்த நேரத்து உப்பளச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘கனமழையால் உப்பு உற்பத்தி பாதிப்பு: தொழிலாளர்கள் வேதனை’ என்று போடலாம். தவறு ஒன்றுமில்லை. உப்பை எடுத்துவிட்டு நெல்லை வைத்தாலும் அதே தலைப்பு நிற்கும், அதுதான் கோளாறு. நிருபர் பாத்திக்கே போய் நாலு பேரிடம் பேசி, சேறு வாரி, தரை மிதித்துப் பாத்தியைத் திரும்பக் கட்டி, பொங்கல் கழிந்துதான் கூலி கண்ணில் படும் என்று கேட்டறிந்தார் என்றால்? ‘பாத்தியில் சேறு, பொங்கல் கழிந்துதான் கூலி.’ ஐந்தே சொல். இதை நெல்லுக்கு மாற்றிப் போட முடியாது.

அமெரிக்காவில் விளம்பரத் தொழில் செய்த டேவிட் ஓகில்வி, ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பு 1958-இல் வந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காருக்குள் கேட்கும் பெரிய சத்தமே கடிகாரச் சத்தம்தான் என்பது அதன் சாரம். ‘சொகுசு’, ‘ஒப்பற்ற’ போன்ற ஈரச் சொல் எதுவும் இல்லை. எழுதும் முன் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கடிகாரமும் அவர் கற்பனையில்லை. ஒரு மோட்டார் இதழின் கட்டுரையில் கிடைத்தது. மொட்டை மாடி வேலை முடிந்த பிறகுதான் அடுப்பு.

வடகத்தை வெந்நீரில் போட்டால் தெரு மணக்காது. மணம் தரும் சத்துகள் பெரும்பாலும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை. சூடான எண்ணெய்தான் அவற்றை வாங்கிக்கொண்டு கிளப்பிவிடும். படிப்பவரின் மனதில் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும் கவலைதான் அந்த எண்ணெய். சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் காதில் வாங்குவார்கள். அவர்கள் வீட்டுக் கவலையில் போய் விழாத தலைப்பு அங்கே எடுபடாது. அந்தத் தலைப்புகளைக் கிண்டல் செய்வது படித்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கிண்டல் செய்பவர்களும் முழுச் செய்தியைப் படித்து முடித்துவிட்டுத்தான் செய்கிறார்கள்.

விண்ணப்பத்துக்கு வருவோம். நம் ஊர்க் கடிதத்தில் தலைப்புக்கென்றே ஓர் இடம் உண்டு: ‘பொருள்’ என்ற வரி. அதில் பெரும்பாலும் ‘வேலைவாய்ப்பு வேண்டி விண்ணப்பித்தல் – தொடர்பாக’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்’ என்று தொடங்குகிறோம். முகவரி மேலேயே இருக்கிறது. வேலைக்குத்தான் விண்ணப்பம் என்பதும் மேலாளருக்குத் தெரியும். மேஜையில் அறுபது கடிதம் கிடக்கும்போது இரண்டு வரியும் வீண்.

பிரம்மதேசத்துப் பெண் ஒருத்தி, பி.காம். முடித்தவள், டேலி என்னும் கணக்கு மென்பொருளும் தெரிந்தவள், திண்டிவனம் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கர் வேலை கேட்டு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாட்களில் மரக்காணத்தில் உறவினரின் உப்பளத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறாள். அதை அவள் கடிதத்தில் சேர்க்கவே மாட்டாள். சொந்தக்காரர் வீட்டு வேலைதானே என்ற கூச்சம். ‘கடின உழைப்பாளி, நேர்மையானவள்’ என்று மட்டும் இருக்கும். மேலாளரின் கவலையோ வேறு: சம்பளக் கணக்கில் பிசகு வராமல் இருக்குமா, லாரி ரசீதும் சரக்கும் ஒத்துப் போகுமா. அவள் இப்படித் தொடங்கியிருக்கலாம்:

‘பொருள்: கணக்கர் பணி – டேலியும் கூலிப் பட்டுவாடாக் கணக்கும் தெரியும். ஐயா, வணக்கம். மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக்கு இரண்டு பருவம் கணக்கு எழுதினேன். லாரியில் ஏறிய மூட்டையையும் ரசீதையும் அன்றன்றைக்கே ஒத்துப் பார்ப்பதும், சனிக்கிழமைக் கூலியைப் பிரித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.’

‘நேர்மையானவள்’ என்று அவள் தனியாகச் சொல்ல வேண்டாம். ரொக்கத்தை நம்பிக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதே போதும்.

இதே வித்தையைத் தப்பாகவும் பயன்படுத்தலாம். எண்ணெய் புகையக் காய்ந்தால் வடகம் கருகும். அப்புறம் எத்தனை புளி ஊற்றினாலும் கசப்பு போகாது. செல்போனில் வரும் ‘அதிர்ச்சித் தகவல்’, ‘அடுத்து நடந்ததைப் பாருங்கள்’ வகையறா அதுதான். அதைவிட மோசம், தெருவெல்லாம் மணக்கத் தாளித்துவிட்டுச் சட்டியில் வெறும் புளித்தண்ணீர் வைத்திருப்பது. டேலி தெரியும் என்று முதல் வரியில் எழுதினால், நேர்காணலில் கம்ப்யூட்டரைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். ஆகவே கடிதத்தின் ஒவ்வொரு பத்தியும் ‘பொருள்’ வரியில் சொன்னதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். டேலி எங்கே படித்தாள், பட்டுவாடா எத்தனை பேருக்கு, சான்று தரக்கூடியவர் யார் என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். இரண்டாம் பக்கம் போனால் ஈரம் சேர்கிறது.

கடைசி வரியில் ‘தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி’ என்று எழுதத்தான் கை போகும். அந்த இடத்திலும் மேலாளருக்கு ஒரு கவலை காத்திருக்கிறது: இவ்வளவு தூரத்திலிருந்து இந்தப் பெண் தினமும் நேரத்துக்கு வருவாளா? திண்டிவனம் சாலையில் காலையில் தனக்கு எந்த பஸ் இருக்கிறது, எத்தனை மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்க முடியும் என்று அவள் அங்கே எழுதலாம்.