தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணையம்: கோளாறு எங்கே?

வீட்டில் மின்விளக்கு எரியாவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? அடுத்த வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். அங்கும் இருட்டு என்றால் கோளாறு நம் வீட்டில் இல்லை. அங்கே வெளிச்சம் இருந்தால் நம் பல்பையும் சுவிட்சையும் பார்க்கிறோம். இந்த எளிய ஒழுங்கு நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணனி என்றதும் அதை மறந்துவிடுகிறோம். "இது படித்தவர்கள் விஷயம்" என்று ஒதுங்கி, பஸ் காசு கொடுத்துப் பெட்டியைப் பட்டணத்துக்குத் தூக்கிச் செல்கிறோம். கோளாறு பெட்டியில் இல்லாமல் வாசலில் நிற்கும் கம்பத்தில் இருந்தால் அந்தக் காசும் நாளும் வீண்தான்.

இலங்கையில் இணைய சேவை 1995இல் வணிக அளவில் தொடங்கியது. அதன் பின் பல ஆண்டுகள் வீட்டுக் கணனிக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. இதை டயல் அப் என்றனர். இன்று இம்முறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் இதனால் பெயர் பெற்ற ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டம்பரில் தனது டயல் அப் சேவையை நிறுத்தியது. ஆனாலும் அந்த இணைப்பில் கோளாறு தேடிய ஒழுங்கு பழசாகவில்லை. இன்றைய ரவுட்டருக்கும் கைத்தொலைபேசிக்கும் அதே ஒழுங்குதான் உதவுகிறது. ஆகவே அதை முதலிலிருந்து பார்ப்போம்.

மொடெம் என்ன செய்தது?

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலைக் கொண்டு செல்வதற்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியே அதில் செல்லும். கணனியின் செய்தியை இந்த ஒலியாக மாற்றி அனுப்புவதும், வரும் ஒலியைத் திரும்பச் செய்தியாக மாற்றுவதும் மொடெமின் வேலை. எண் சுழன்றதும் கேட்ட கீச்சொலியும் இரைச்சலும் வெறும் சத்தம் அல்ல. "இந்தக் கம்பியில் எவ்வளவு வேகமாகப் பேசலாம்?" என்று இரு மொடெம்களும் ஒன்றையொன்று கேட்டு உடன்பட்டுக்கொள்ளும் பேச்சு அது.

1998இல் வந்த வி.90 என்ற முறைப்படி விநாடிக்கு 56,000 பிட் வரை பெறலாம் என்றனர். நல்ல கம்பியிலும் அதைவிடக் குறைவாகவே கிடைத்தது. இரைச்சல் உள்ள கம்பியில் 28,800 பிட்டுக்கும் இறங்கியது. அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படம் வந்து சேர ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். நான்காவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைபேசிக் கட்டணமோ நேரத்தைப் பார்த்து ஏறியது. கோளாறைக் கண்டுபிடிப்பது பணத்தைக் காப்பதும் ஆயிற்று.

சுவரிலிருந்து தொடங்கிய ஐந்து படிகள்

முதலாவது, கம்பி. மொடெமைக் கழற்றிவிட்டு, அதே சொக்கெட்டில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் கேட்க வேண்டும். 'டயல் டோன்' எனும் தொடர் ஓசை இல்லாவிட்டால் கணனியைத் தொடவே தேவையில்லை. ஓசையோடு 'கரகர' என்ற இரைச்சலும் கேட்டால் எங்கோ ஒரு மூட்டில் ஈரம் இறங்கியிருக்கலாம், அல்லது கம்பியில் மரக்கிளை உரசலாம். உடப்புசல்லாவை போன்ற கிழக்குச் சரிவுகளில் வடகீழ்ப் பருவமழை நாட்களில் இதைக் கவனிக்க வேண்டும். மழையில் மட்டும் கெட்டு வெயிலில் சரியானால், குற்றம் வெளிக்கம்பியில் என்றே எண்ணலாம். தொலைபேசி அலுவலகத்துக்கு "வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட, "மழை பெய்யும் போது மட்டும் இரைகிறது" என்று சொன்னால் திருத்த வருபவர் எங்கே பார்ப்பது என்று அறிவார்.

இரண்டாவது, வீட்டுக்குள் இருக்கும் இணைப்பு. மொடெமின் பின்புறத்தில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றது தொலைபேசிக்கு. இவை மாறியிருக்கலாம். அடுத்த அறையில் இன்னொரு தொலைபேசி இருந்து, அதை யாராவது எடுத்தாலும் இணைப்பு அறுந்துவிடும். பேசும்போதே அடுத்த அழைப்பை அறிவிக்கும் வசதியின் 'பீப்' ஒலியும் இணைப்பை அறுக்கக்கூடும்.

மூன்றாவது, எண். அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வெளி அழைப்புக்கு முதலில் 9 அல்லது 0 அழுத்த வேண்டியிருக்கும். அந்த இலக்கத்தின் பின் ஒரு காற்புள்ளி இட்டால் மொடெம் ஏறத்தாழ இரண்டு விநாடி பொறுத்து மீதியைச் சுழற்றும். டயல் டோன் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வெளிநாட்டில் செய்த மொடெம் சிலவேளை நம் ஓசையை அறிந்துகொள்ளாது. அப்போது 'டயல் டோனுக்காகக் காத்திரு' என்ற இடத்தில் உள்ள அடையாளத்தை நீக்கினால் போதும்.

நான்காவது, கணனி காட்டும் தவறு எண். வின்டோஸ் கணனியில் 680 என்றால் டயல் டோன் இல்லை. முதற்படிக்குத் திரும்ப வேண்டும். 676 என்றால் மறுமுனை வேலையாயிருக்கிறது. சற்றுப் பொறுக்க வேண்டும். 678 என்றால் மறுமுனை பதில் தரவில்லை. சுழற்றிய எண் சரிதானா என்று பார்க்க வேண்டும். 691 என்றால் பெயரோ இரகசியச் சொல்லோ பிழை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் இந்த எண் வரும்.

ஐந்தாவது, இணைப்பு கிடைத்தும் பக்கம் வராத நிலை. வேறொரு தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அது வந்தால் கோளாறு முதல் தளத்தில், நம்மிடம் அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமின்னல் நமக்குப் புதிதல்ல. தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்னல் பல மொடெம்களை எரித்திருக்கிறது. முழக்கம் தொடங்குமுன்பே மின் செருகியையும் தொலைபேசிச் செருகியையும் கழற்ற வேண்டும். இடி முழங்கும் போது கம்பியுள்ள எதையும் தொடக்கூடாது.

ஓர் இணைப்பு, பல குடும்பங்கள்

ஓர் இணைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நம் நுவரெலியா மாவட்டத்தின் மறுபுறத்தில் உள்ள கொத்மலை இதற்குப் பதில் சொல்கிறது. 1979இல் தொடங்கி 1985இல் முடிந்த கொத்மலை அணைக்காகப் பல கிராமங்கள் நீரில் மூழ்கின. வயலையும் வீட்டையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் புதிய இடங்களில் குடியேறின. மகாவலித் திட்டத்தில் இவ்வாறு குடியேறியவர்களுக்காகத் தோன்றிய சமுதாய வானொலிப் பணியின் தொடர்ச்சியாக, 1989இல் கொத்மலை வானொலி பிறந்தது.

1998-99 காலப்பகுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணையம் வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் பயன்படுத்தக் கணனிகள் வைக்கப்பட்டன. கணனி இல்லாத நேயர்கள் தம் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடினர். அத்துறை அறிந்தவரை அருகில் அமர்த்தி, கேட்பவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தனர். ஒரு கணனியில் ஒருவர் வாசித்தது பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தகைய இணைப்பு ஒருநாள் அறுந்தால் பலருடைய கேள்விகள் நின்றுபோகும். கோளாறு பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கேயே இருப்பது அதனால்தான் அவசியம்.

இன்று நம் வீட்டில்

ஊர் விட்டு வந்து புதுக் காணியில் பயிரிடும் குடும்பங்களுக்கு இணையம் இன்று விளையாட்டுப் பொருள் அல்ல. மரக்கறி விலை, பிள்ளையின் பாடம், தூரத்து உறவினரின் குரல் எல்லாம் அதன் வழியே வருகின்றன. அது நின்றால் அதே ஒழுங்கில் பாருங்கள். மின்சாரம் இருக்கிறதா? ரவுட்டரின் விளக்கு எரிகிறதா? அடுத்த வீட்டாரின் தொலைபேசியில் வேலை செய்கிறதா? டேட்டா முடிந்துவிட்டதா? இரகசியச் சொல் சரியா? ஒரு தளம் மட்டும் வரவில்லையா? இவற்றைப் பார்த்த பின்பே திருத்துபவரிடம் காசு கொடுங்கள்.

ஊருக்கு ஒரு கொப்பி வைத்திருப்பதும் நல்லது. எந்த நாள், என்ன வானிலை, என்ன தவறு, எதனால் சரியாயிற்று என்று நான்கு வரி எழுதுங்கள். படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். அடுத்த மழையில் அதே கோளாறு வரும்போது, அந்தக் கொப்பியே முதலில் வழி சொல்லும்.